நான் எழுதின முதல் மெமோ

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பம்ப்செட்டுக்கு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அப்போதுதான் என்னை லைன் சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு மெஷின், பதினைந்து ஆட்கள். எனக்கு இருபத்தாறு வயது. அந்தப் பதினைந்து பேரில் இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா தறிக்குடோனில் தறி ஓட்டினார். அம்மாவும் அதே குடோனில் தறிக்கு நூல்தார் சுற்றினார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் டிப்ளமோ முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்துப் போடற வேலையா கண்ணு?" ஆமாம் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

புதிதாகப் பதவிக்கு வந்த நாலு பேரைக் கம்பெனி கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. தலைமைப் பண்பு, ஆட்களை நிர்வகிப்பது எப்படி என்று வகுப்பு. ஏ.சி. ரூம், மத்தியானம் ஐஸ்கிரீமோடு சாப்பாடு. மற்ற மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் நோட்டு போட்டு முழுக்க எழுதினேன். எனக்கு அப்படித்தான் பழக்கம். யாராவது போர்டில் எழுதினால் அது எனக்கு வேதம் மாதிரி. பயிற்சி கொடுத்தவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தப்பு செய்தால் வாயால் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், அந்த இடத்தில் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். அதற்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

இனி அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கத்து ஆள். நாற்பது தாண்டியவர். ஏழாம் நம்பர் லேத் மெஷினில் பதினைந்து வருஷமாக இருக்கிறார். அவர் கடைந்த உருப்படி அளவு தப்பித் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. டிராயிங்கைக் கையில் கொடுத்தால் அளவை ஒரு பார்வை பார்ப்பார், போதும். நான் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில் டூல் பிடிக்கத் தெரியாமல் முழித்தபோது, "ஏனுங் தம்பி, அது என்ன பல்லு வெளக்கற பிரஷ்ஷா?" என்று கேட்டுவிட்டுக் கையைத் திருத்தி வைத்தவர். நான் சூப்பர்வைசர் ஆனதும் "தம்பி" என்பதை விடாமல் அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "சூப்பர்வைசர் தம்பி வாராருங்கோ, எல்லாரும் நின்னு வேலை செய்யுங்க." நின்றுதான் எல்லாரும் வேலை செய்வார்கள். அதனால் சிரிப்பு வரும்.

அந்த சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் வருவதாக இருந்தது. அவர்கள் ஆடிட்டுக்கு வருவார்கள் என்பதால் ஒவ்வொரு மெஷினுக்கும் செக் ஷீட் வந்தது. ஷிப்டுக்கு ஒரு தாள். உருப்படியின் அளவுகளை எழுத வேண்டும். மெஷினைக் குளிர வைக்கிற கூலன்ட் போதுமா, டூல் மாற்றினார்களா, மெஷினில் ஏதாவது பழுது பார்த்தார்களா என்பதையும் எழுத வேண்டும். தமிழில்தான். எப்படி நிரப்புவது என்று நானே பத்து நிமிஷம் எல்லாருக்கும் விளக்கினேன். அந்த அண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அதன்பிறகு நாள் தவறாமல் அவருடைய தாள் முழுசாக நிரம்பி வந்தது. மற்றவர்கள்தான் பாதியில் விட்டார்கள். அவரைக் காட்டி மற்றவர்களை நான் திட்டியும் இருக்கிறேன்.

ஆடிட் அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் ஏழாம் நம்பர் மெஷினின் ஃபைலை எடுத்துப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். பின்னால் போனார், முன்னால் வந்தார். அப்புறம் எங்கள் மேனேஜரைப் பார்த்து, "இந்த மெஷின்ல தினமும் பெல்ட் மாத்துவீங்களா சார்?" என்றார். வாங்கிப் பார்த்தால் ஒன்பது நாளாகப் பகல் ஷிப்டு தாள் எல்லாவற்றிலும் குறிப்புப் பகுதியில் ஒரே வரி: பெல்ட் மாற்றப்பட்டது. ஒன்பது நாளும். வந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு, தாளைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டார். ஒன்பது தாளிலும் அடியில் என் கையெழுத்து இருந்தது. ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போனது.

எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது. ஆனால் முழுக்க அவர்மேல் போனது. முதல் நாள் எழுதியதையே பார்த்துப் பார்த்து எழுதி ஏமாற்றியிருக்கிறார், சின்னப் பையன்தானே என்று நினைத்துவிட்டார் என்று தோன்றியது. மேனேஜர் மெமோ கொடு என்றார். நான் நோட்டைத் திறந்து, சிவப்புக் கோடு போட்டதைப் பார்த்து, மெமோ எழுத உட்கார்ந்தேன்.

அதுவரை நான் யாருக்கும் மெமோ எழுதியதில்லை. மூன்று தடவை எழுதி அடித்து, நாலாவதாக எழுதியது நன்றாக வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. தாங்கள் தொடர்ந்து பொய்யான பதிவுகளைச் செய்து நிர்வாகத்தை ஏமாற்றி வந்துள்ளீர்கள், இது தங்கள் நேர்மையின்மையையும் அலட்சியத்தையும் காட்டுகிறது, இனியும் தொடர்ந்தால் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள் என்றெல்லாம் சுத்தத் தமிழில். கம்பெனி லெட்டர்பேடில் பிரின்ட் எடுத்து, கம்பெனி பேர் போட்ட வெள்ளைக் கவரில் போட்டேன்.

சாயங்காலம் டீ டைமில் அவரிடம் நீட்டினேன். எல்லாரும் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னுங் தம்பி, கவரெல்லாம் குடுக்கறீங்க?" என்றார். கேட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் ஆயிலு. நீங்களே பிரிச்சுப் படிச்சுச் சொல்லிருங்க."

வாக்குவாதத்துக்குப் போகக்கூடாது என்பது என் மனதில் ஓடியது. எல்லார் முன்னாலும் படித்தால் அவருக்கு அவமானம், அதைத் தவிர்க்கிறேன் என்று எனக்கு நானே நல்ல பேரும் கொடுத்துக்கொண்டேன். "ஊட்டுல போய்ப் பொறுமையாப் படிச்சுக்கங்கண்ணா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன்.

பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் வைத்துக்கொள்ளும் நகலில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மெஷின்காரர், "என்ன மாப்ளே, இன்கிரிமென்ட் லெட்டரா?" என்று கேட்டார். அந்த வாரம்தான் அசெம்ப்ளி பக்கம் அதே வெள்ளைக் கவரில் சம்பள உயர்வு லெட்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கவரைச் சட்டைப் பையில் வைத்தபடி, "சூப்பர்வைசர் தம்பி கையால குடுத்திருக்குதுன்னா சும்மாவா இருக்கும்?" என்று சிரித்தார்.

அது என் காதில் விழுந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். திரும்பி நடந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஏழாம் நம்பர் மெஷினில் வேறு ஆளைப் போட்டேன். உருப்படிகள் அளவு தப்பி வந்தன. மேனேஜர், சொல்லாமல் நின்றதற்கு இன்னொரு மெமோ ரெடி பண்ணு என்றார்.

மூன்றாம் நாள், உருப்படிகளை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். அந்த அண்ணன் குடியிருக்கும் லைன் வீட்டிலேயே இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அந்த அண்ணன் இனிமேல் வர மாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதும், நான் கேட்டதே தப்பு என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கவர் வாங்கின அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போதே கடையில் ஜிலேபியும் மிக்சரும் வாங்கி வந்திருக்கிறார். ஊரிலிருந்து மச்சினனும் மச்சினன் சம்சாரமும் வந்திருந்தார்கள். இந்த அக்காவையும் கூப்பிட்டு ஜிலேபி கொடுத்திருக்கிறார். எல்லாரும் உட்கார்ந்ததும் எட்டாவது படிக்கும் மகளிடம் கவரைக் கொடுத்து, சத்தமாகப் படி கண்ணு என்றிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி பேர், முகவரி எல்லாம் படித்திருக்கிறாள். முதல் வரி படித்தாள். நிறுத்தினாள். லெட்டரை மடித்து, அவ்வளவுதான்ப்பா, வேறொன்றும் இல்லை என்றிருக்கிறாள்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சுங் சார்," என்றார் அக்கா. "இன்னும் நெறைய வரி கெடக்குதே கண்ணு, படின்னாரு. அந்தப் புள்ள அழுதுட்டே கடைசி வரைக்கும் படிச்சுது. கீழ உங்க பேரையும் படிச்சுது."

எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அவர் ஏன் மகளைப் படிக்கச் சொன்னார் என்று கேட்டேன்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்ளே. நம்பர்தான் தெரியும். இங்க எல்லார்த்துக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

அந்த அக்கா போனதும் ஃபைலை எடுத்து அந்த ஒன்பது தாளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். அளவுகள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு. மைக்ரோமீட்டரால் அவரே அளந்து எழுதியவை, ஒன்றுகூடப் பொய் இல்லை. எழுத்துகள் மட்டும் ஒன்பதிலும் ஒரே மாதிரி. அது அவருடைய எழுத்தே இல்லை. அந்த ஒன்பது நாளுக்கும் முந்தின இரவுத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அந்த ஷிப்டு ஆள் சாய்த்துச் சாய்த்து எழுதி, கடைசியில் ஒரு சுழி போட்டிருந்தார். பெல்ட் மாற்றியது அவர்தான். நிரப்பின தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இவருக்குக் கிடைத்தது அந்த ஒரு தாள். அந்தச் சாய்வையும் சுழியையும் சேர்த்து, டிராயிங் மாதிரி ஒன்பது நாள் வரைந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் பாதியில் விட்ட தாளை, எழுத்தே தெரியாதவர் ஒருநாள்கூடக் காலியாக விடவில்லை. அதைத்தான் நான் அலட்சியம் என்று எழுதியிருந்தேன்.

யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் நான்தான் படிப்பேன். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, தறிக்குடோனை மூடுகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓனர் எழுதிக் கொடுத்த தாள், எல்லாம். ஆறாவது ஏழாவது படிக்கும்போதே, கெட்ட சேதி வந்தால் அப்பா முகத்தைப் பார்க்காமல் படித்து முடிக்கப் பழகியிருந்தேன். வெளியாட்கள் யாராவது தாளை நீட்டினால் அப்பா, கண்ணில் தூசி விழுந்துவிட்டது, நீங்களே சொல்லுங்கள் என்பார். இவர் ஆயில் கையைக் காட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷிப்டு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார். சேர் போட்டார். தண்ணி கொடுத்தார். காபி வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினார், என் அப்பா சௌக்கியமா என்று கேட்டார். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவர் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நானே ஆரம்பித்தேன். தாள்களைத் திரும்பப் பார்த்ததைச் சொன்னேன். விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு லெட்டருங்ளா? வேண்டாமுங் தம்பி. அதையும் இந்தப் புள்ளதான் படிக்கோணும்."

அப்புறம் அவரே சொன்னார். "வேலை இங்க இல்லீன்னா அன்னூர்ப் பக்கம் கெடைக்குதுங்க. அதப் பத்தி ஒண்ணுமில்ல. எங்கப்பன் கம்பெனியிலயே பெரிய வேலைக்காரன்னு இவ பள்ளிக்கூடத்துல சொல்லிட்டுத் திரிவா. இப்ப அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

உள் கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொன்னேன். உங்கப்பா ஏமாற்றவில்லை அம்மணி, அந்த லெட்டரில் நான் எழுதியதுதான் பொய் என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா அன்னிக்கே உங்கள படிச்சுச் சொல்லச் சொன்னாராமுங்க. நீங்க ஏனுங்க படிக்கல?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது, திங்கட்கிழமை வாருங்கள் அண்ணா என்றேன். "பாக்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாமுங்க என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் போனேன். மெமோவை ரத்து செய்ய வேண்டும் என்றதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்றார். நான் தாள்களைக் காட்டிச் சொன்னேன். ஒன்பது தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம், "செரி, கிழிச்சுப் போடலாம். ஆடிட்ல வந்த தப்பு யாரு பேர்ல போறது?" என்றார். கையெழுத்துப் போட்டவன் நான், என் பேரில் போடுங்கள் என்றேன். போட்டார். சூப்பர்வைசர் வேலையில் என்னை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைக்கிறோம் என்று அன்றைக்கு மத்தியானமே எனக்கு ஒரு மெமோ வந்தது. அதே வெள்ளைக் கவர்.

அன்று டீ டைமில் எல்லாரும் நிற்கும்போது, அந்த அண்ணனுக்குக் கொடுத்த மெமோ தப்பு, அவர் எழுதிய அளவுகள் எல்லாம் சரி, தப்பாக எழுதியது நான் என்று வாயால் சொன்னேன். பக்கத்து மெஷின்காரர், "இத மொதல்லயே டீ குடிச்சுட்டே பேசியிருக்கலாமுங்ளே" என்றார்.

சாயங்காலம் வீட்டில் என் அப்பா கவரைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். முதலில், ஒன்றுமில்லை, கம்பெனித் தாள் என்றுதான் சொன்னேன். அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன், ஒரு வரி விடாமல். நடந்ததையும் சொன்னேன்.

"அந்த மனுசன் வேலைக்கு வந்துட்டாரா?" என்றார்.

"இன்னும் வரலீங்கப்பா."

"அப்ப நீ இத என்கிட்டப் படிச்சு என்ன பண்றது?" என்று எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஏழாம் நம்பர் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவர்தான். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், மெஷினைப் பார்த்தபடியே, "சூப்பர்வைசர் தம்பி, பெல்ட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. மாத்த வேண்டியதில்ல" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு டாய்லெட் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். "அப்பச் செரி" என்றார்.

செக் ஷீட்டை மாற்றினோம். கூலன்ட்டுக்கு ஒரு சொட்டுப் படம், டூலுக்கு ஒரு படம், பெல்ட்டுக்கு ஒரு வளையம். சரியாக இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. எந்தப் படம் போட்டால் புரியும் என்று அவரிடம்தான் கேட்டு வரைந்தேன். அவரைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு எழுத்து சரியாக வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. பயிற்சி நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்துவைத்திருங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அதற்குக் கோடு போடவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் என்னோடு பழையபடி பேசுகிறார், கிண்டல் செய்கிறார். அவர் மகள் பத்தாவது பாஸானபோது எனக்கும் மிட்டாய் கொடுத்தார். ஆனால் ஆபீஸிலிருந்து எந்தத் தாள் வந்தாலும், அதை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டி இன்ஸ்பெக்‌ஷன் அக்காவிடம்தான் போகிறார். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

இப்போது என் கீழே முப்பது பேர் இருக்கிறார்கள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, யாருக்கு எந்தத் தாளைக் கொடுப்பதாக இருந்தாலும் தனியாகக் கூப்பிட்டு, அவர்களுக்குப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முதலில் நானே படித்துச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் பழகியதை மாற்றுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் படிக்கிறேன். முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாத வரி ஏதாவது வந்தால், அந்தத் தாளைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் விசாரிக்கிறேன்.